மனநோயின் மரபணுவைத் தேட டாக்டர் ஆக வேண்டியதில்லை

பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் ஒரு பெண்ணின் பெற்றோர் எழுதியிருக்கிறார்கள். அவளுடைய அத்தைக்குப் பல வருடங்களாக மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா). அத்தையோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள், "அத்தைக்கு வந்தது அப்பாவுக்கு ஏன் வரவில்லை? அதைக் கண்டுபிடிக்கிற படிப்புதான் எனக்கு வேண்டும்" என்கிறாள். கணக்கில் கெட்டிக்காரி. நோயாளிகளைப் பார்க்கும் வேலை தனக்கு ஒத்துவராது என்று அவளே சொல்லிவிட்டாள். ஆனால் பெரியப்பா விடவில்லை: முதலில் மருத்துவம், பிறகு மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு, ஆராய்ச்சியெல்லாம் அதற்கப்புறம். அம்மாவின் பயம் வேறு. இந்த நோயையே நினைத்துக்கொண்டிருந்தால் மகளுக்கும் வந்துவிடாதா?

அம்மா, நோயைப் பற்றிப் படிப்பதால் நோய் வராது. மனச்சிதைவு பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வருகிறது. தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய நூறில் பத்து. அத்தைக்கு இருந்தால் அதைவிட நன்றாகவே குறைவு. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இருக்கும்போதுகூட, மற்றவருக்கு வருவது பாதிக்குப் பாதி என்ற அளவைத் தாண்டுவதில்லை. உங்கள் மகள் கேட்கும் கேள்வியே இங்கேதான் இருக்கிறது. நல்ல கேள்வி.

இனி பெரியப்பாவின் யோசனை. இதில் உங்களுக்கு இதமாகப் பேச என்னால் முடியாது. மனநல மருத்துவர்கள் உலகமெங்கும் போதாமல்தான் இருக்கிறார்கள். அந்த வேலையை விரும்புகிற பிள்ளை தாராளமாகப் போகட்டும். உங்கள் மகள் அதை விரும்பவில்லை. விரும்பாத வேலைக்கு ஏறக்குறைய பத்து வருடம் பயிற்சி எடுத்துவிட்டு, அதன் பிறகு விரும்பிய கேள்விக்குத் திரும்பலாம் என்பது பிள்ளையின் இளமையைச் செலவழிக்கிற கணக்கு. அப்படித் திரும்பி வந்தாலும் அங்கே அவளுக்குத் தேவைப்படுவது புள்ளியியல். அதை அப்போது முதலிலிருந்து கற்க வேண்டும். மருத்துவம் படித்துவிட்டு இந்த ஆய்வுக்கு வந்து சாதித்தவர்கள் உண்டு. அவர்கள் நோயாளிகளைப் பார்ப்பதையும் சேர்த்து விரும்பியவர்கள்.

இந்தத் துறை எப்படி முன்னேறியது என்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும். 1990-களில் ஆய்வாளர்கள், "இந்த மரபணுதான் காரணமாக இருக்கும்" என்று தாங்களே ஊகித்து, சில நூறு பேரிடம் சோதித்தார்கள். செரோட்டோனின், டோபமின் இரண்டும் மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள்; செரோட்டோனின் கடத்தி மரபணு பதற்ற குணத்துக்குக் காரணம் என்றும், டோபமின் ஏற்பி மரபணு புதுமை தேடும் குணத்துக்குக் காரணம் என்றும் 1996-இல் கட்டுரைகள் வந்தன. அவற்றை நம்பி நூற்றுக்கணக்கான ஆய்வுகள் நடந்தன. மனச்சோர்வுக்குக் காரணம் என்று அப்படிப் பெயர் வாங்கியிருந்த 18 மரபணுக்களை 2019-இல் லட்சக்கணக்கானவர்களின் தரவில் சோதித்தபோது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த வேறு மரபணுக்களைவிட அவை எந்த வகையிலும் மேலானவையாக இல்லை.

துறையைக் கரையேற்றியது பொறுமையான எண்ணிக்கை. 2007-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் தங்கள் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து மனநல மரபணுத்தொகைக் கூட்டமைப்பை ஆரம்பித்தார்கள். மரபணுத்தொகையில், அதாவது ஒருவருடைய டி.என்.ஏ. முழுவதிலும், மனச்சிதைவோடு தொடர்புள்ள 108 இடங்களை 2014-இல் வெளியிட்டார்கள். 2022-இல் அது 287 ஆனது. அந்த ஆய்வில் 76,755 நோயாளிகளும் நோயில்லாத 2,43,649 பேரும் இருந்தார்கள். ஆறாம் குரோமோசோமில் எண்களின் வழியே தெரிந்த ஒரு வலுவான தடயத்தைப் பின்தொடர்ந்துதான், 2016-இல் மரபியல் ஆய்வாளர் ஸ்டீவன் மெக்காரல் குழு சி4 என்ற நோயெதிர்ப்பு மரபணுவுக்குப் போய்ச் சேர்ந்தது. மூளையில் நரம்பு இணைப்புகளைக் கத்தரிப்பதில் அதற்குப் பங்கு உண்டு. கணக்கு வழிகாட்டிய பிறகுதான் ஆய்வகத்துக்கு எங்கே தோண்டுவது என்று தெரிந்தது.

ஆகவே நான் சொல்லும் பாதை புள்ளியியல் மரபியல், அதாவது மரபணுத் தரவைக் கணக்கால் ஆராயும் துறை. உளவியல், பயோடெக்னாலஜி, நரம்பியல் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். மரபணு என்ற பெயரைப் பார்த்ததும் பயோடெக்னாலஜியில் சேர்ந்துவிட்டு, கணக்கே இல்லாமல் பட்டம் வாங்கி வருகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். உங்கள் மகளிடம் இருக்கும் சொத்து கணக்கு. அதைக் கைவிட வேண்டாம்.

இந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும்? ஒருவருடைய எச்சில் அல்லது ரத்தத்திலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை ஒரு சிப்பில் ஓட்டினால், மனிதருக்கு மனிதர் வேறுபடும் பல லட்சம் இடங்களில் அவரிடம் எந்த எழுத்து இருக்கிறது என்று தெரியும். அப்படி ஆயிரக்கணக்கான பேரின் கோப்பு மேஜைக்கு வருகிறது. முதலில் சுத்தம் செய்ய வேண்டும். எந்த மாதிரி சரியாகப் படிக்கப்படவில்லை, யாருடைய பாலினம் மாறிப் பதிவாகியிருக்கிறது, யாரெல்லாம் தெரியாமலே உறவினர்கள், நோயாளிகளின் மாதிரிகள் ஒரு கூடத்திலும் மற்றவர்களின் மாதிரிகள் வேறொரு கூடத்திலும் ஓட்டப்பட்டனவா, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அடுத்தது வம்சாவளி. நோயாளிகள் ஒரு பகுதியினராகவும் மற்றவர்கள் வேறு பகுதியினராகவும் இருந்துவிட்டால், நோய்க்குச் சம்பந்தமே இல்லாத இடங்கள் எல்லாம் காரணம்போலத் தெரியும். அதைக் கணக்கில் கழித்த பிறகுதான் ஒவ்வொரு இடத்துக்கும் சோதனை.

அந்தச் சோதனையில் தேறும் அளவுகோல் மிகக் கடுமையானது. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று வராத சோதனைகள் ஏறத்தாழ பத்து லட்சம் நடக்கின்றன, ஒரு சோதனைக்கு வழக்கமாக வைக்கும் 0.05 (தற்செயலாக வர நூறில் ஐந்து வாய்ப்பு) என்ற எல்லையைப் பத்து லட்சத்தால் வகுத்தால் இரண்டு கோடியில் ஒன்று. தற்செயலாக நடக்க அவ்வளவு சிறிய வாய்ப்பு இருந்தால்தான் அது கண்டுபிடிப்பு. இந்த வகுத்தல் ஏன் தேவை என்று உங்கள் மகளிடமே கேட்டுப் பாருங்கள். அவள் முகம் மலர்ந்தால் இது அவளுடைய துறை.

செய்யாமல் கிடக்கும் வேலையும் நிறைய. இதுவரை சேர்ந்த தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அதை வைத்து உருவாக்கும் பல்மரபணு மதிப்பெண் (பல இடங்களின் சிறு சிறு பங்கைக் கூட்டி ஒருவருக்குப் போடும் மதிப்பெண்), மற்ற மக்களிடம் குறைவாகவே பலிக்கிறது. கிழக்கு ஆசியர்களிடம் நடந்த பெரிய மனச்சிதைவு ஆய்வு 2019-இல்தான் வந்தது. தெற்காசியர், ஆப்பிரிக்கர் தரவு இன்னும் மிகக் குறைவு. இதைச் சரிசெய்யப்போகிறவர்கள் இன்றைக்குப் பள்ளியில் இருப்பவர்கள்தான்.

பல்கலைக்கழகத்தில் நிரந்தர இடம் கிடைக்கப் பல வருடம் ஆகும், ஒப்பந்த வேலையில்தான் தொடங்க வேண்டும். இதை மறைக்க மாட்டேன். ஆனால் வேலை அங்கே மட்டும் இல்லை. மரபணு ஆதாரம் உள்ள மருந்து முயற்சிகள் வெற்றி பெறும் வாய்ப்பு மற்றவற்றைப்போல 2.6 மடங்கு என்று 2024-இல் வந்த ஆய்வு சொல்கிறது. மருந்து நிறுவனங்கள் இந்தக் கணக்காளர்களைத் தேடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். மருந்துப் பரிசோதனை, தொற்றுநோயியல், பொதுச் சுகாதாரம் எல்லாவற்றுக்கும் இதே படிப்பு கைகொடுக்கும்.

செலவு விஷயத்தில் கறாராகவே சொல்கிறேன். "ஜீனோமிக்ஸ்" என்று பளபளப்பாகப் பெயர் வைத்த, அதிகக் கட்டணம் வாங்கும் இளங்கலைப் படிப்பு வேண்டாம். சாதாரணக் கல்லூரியில் புள்ளியியலோ கணிதமோ போதும். முதுகலைக்காக வீட்டை அடகு வைத்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டாம். முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை கொடுக்கிற இடங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. உதவித்தொகை இல்லாத இடத்தில் சேர வேண்டாம்.

சித்தி சொன்னார் என்று மரபணுத் திறமைச் சோதனைக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள். "தலைமைப் பண்பு அதிகம், பொறுமை குறைவு, ஆராய்ச்சி பொருந்தாது" என்று அறிக்கை வந்திருக்கிறது. அதைத் தூக்கிப் போடுங்கள். குணங்களில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 40 முதல் 50 சதவீதம் வரை மரபு சார்ந்தது என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்வது உண்மை. அது ஒரு பெரும் கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய எண். உங்கள் பிள்ளையின் பொறுமையில் பாதி மரபணு என்று அதற்குப் பொருள் கிடையாது. ஒவ்வொரு குணத்திலும் ஆயிரக்கணக்கான இடங்கள் துளித்துளியாகப் பங்கு வகிக்கின்றன. லட்சக்கணக்கானவர்களின் தரவில் உருவான மதிப்பெண்கூட இன்று குண வேறுபாட்டில் மிகச் சிறிய பங்கைத்தான் விளக்குகிறது. ஒரு பிள்ளைக்கு எந்தத் தொழில் என்று அதை வைத்துச் சொல்ல எவராலும் முடியாது. இளையவனுக்கும் இந்தச் சோதனையை எடுக்காதீர்கள். மூத்தவளின் மாதிரியையும் தரவையும் அழித்துவிடச் சொல்லி அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

மகளுக்கு நேரடியாக ஒரு வேலை தருகிறேன். விடுமுறையில் புள்ளியியலுக்கான கணினி மொழியான ஆர் (R) மொழியைக் கற்றுக்கொள். அப்புறம் மரபணுத் தரவை ஆராயும் பிளிங்க் (PLINK) என்ற மென்பொருள். ஷான் பர்செல் குழு 2007-இல் வெளியிட்டது, இன்றும் எல்லோரும் பயன்படுத்துவது. இரண்டும் இலவசம். 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் மரபணுத்தொகைத் தரவு ஆயிரம் ஜீனோம் திட்டத்தில் திறந்தே கிடக்கிறது. அதில் ஒரே ஒரு குரோமோசோமை எடுத்து, மக்கள் எப்படிக் கூட்டம் கூட்டமாகப் பிரிகிறார்கள் என்று படம் வரைந்து பார். தரவைச் சுத்தம் செய்யும் இடத்தில் உனக்குச் சலிப்புத் தட்டினால், இந்தத் துறை உனக்கு வேண்டாம். வெட்கப்பட ஒன்றுமில்லை, வேறு பேசலாம். கூடவே வரலாற்றையும் படி. மனச்சிதைவின் மரபுவழியை 1916-இல் ஆராய்ந்த எர்ன்ஸ்ட் ரூடின்தான், நாஜி ஜெர்மனியின் 1933 கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கு விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவர். அத்தையைப் போன்றவர்கள் மீதுதான் அந்தச் சட்டம் பாய்ந்தது. இந்தத் துறைக்குள் வருகிறவள் அதைத் தெரிந்துகொண்டுதான் வர வேண்டும்.

சேர்க்கைக்கு முன்னால் கல்லூரித் துறையில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். தொடர்புப்போக்குப் பகுப்பாய்வும் (ரிக்ரஷன்) நிகழ்தகவும் முழுத் தாள்களாக உண்டா? கடைசி ஆண்டில் உண்மையான தரவை வைத்துச் செய்யும் திட்டப்பணி உண்டா? உயிரியல் துறையின் மரபியல் தாளை விருப்பப் பாடமாக எடுக்க விடுவார்களா? முதல் இரண்டுக்கும் ஆம் என்றால் சேர்த்துவிடுங்கள். மூன்றாவது இல்லாவிட்டால் பரவாயில்லை, மரபியலை அவள் பக்கத்தில் படித்துக்கொள்ளலாம்.