வாசகர் கேள்வி – பதில்: போர்தோ தோட்டங்களில் ஒரு நாள்

கேள்வி: வரும் மே மாதத்தில் நானும் என் மனைவியும் பிரான்சின் போர்தோ நகரில் தங்கவிருக்கிறோம். ஒரு நாளை வழிகாட்டியுடன் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்து ஒயின் சுவைப்பதற்கென ஒதுக்கியுள்ளோம். மெடோக், சான்-எமிலியோன் ஆகிய இரு பகுதிகளையும் ஒரே நாளில் காட்டும் பயணத்தைத் தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. மெடோக், நகரத்துக்கு வடக்கே ஜிரோந்து கழிமுகத்தின் இடக்கரையில் நீண்டு கிடக்கிறது. சான்-எமிலியோனோ கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், தோர்தோஞ் ஆற்றின் வலக்கரைப் பக்கம் உள்ளது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கப் புறப்பட்டால் பொழுதில் பெரும்பகுதி வண்டியிலேயே கழிந்துவிடும்.

எதைத் தேர்வது என்றால், மண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மெடோக்கின் கூழாங்கல் நிலம் நீரை விரைவாக வடித்துவிடுவதோடு பகல் வெப்பத்தையும் தேக்கி வைப்பதால், தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவிஞ்ஞோன் என்ற திராட்சை வகை அங்கே நன்றாக விளைகிறது; துவர்ப்பு மிகுந்த, பல ஆண்டுகள் பொறுத்திருந்து குடிக்க வேண்டிய ஒயின்கள் அதிலிருந்து பிறக்கின்றன. சான்-எமிலியோனின் களிமண்ணும் சுண்ணாம்புப் பாறையும் குளிர்ச்சியானவை என்பதால், சற்று முன்னதாகவே பழுக்கும் மெர்லோ திராட்சை அங்கு முதலிடம் பெறுகிறது. அதன் ஒயின் புதியவர்களின் நாக்குக்கும் எளிதில் பிடிபடும். மெடோக்கின் புகழ் பெரும்பாலும் ஒயின் தோட்டங்களுக்கான 1855-ஆம் ஆண்டுத் தரவரிசையால் வந்தது. பாரிஸ் கண்காட்சிக்காக, அன்றைய சந்தை விலையை வைத்துத் தரகர்கள் வகுத்த அந்தப் பட்டியலின் முதல் தரத்துக்கு 1973-இல் மூட்டோன் ரோத்ஷில்ட் என்ற தோட்டம் உயர்த்தப்பட்டது ஒரு அபூர்வ மாற்றம். பெயர்பெற்ற ஒயின் மாளிகைகளைக் காண்பதுதான் உங்கள் ஆசை என்றால் அங்கே செல்லுங்கள். ஆனால் அவற்றுள் பல முன்பதிவில்லாத பயணிகளுக்குக் கதவு திறப்பதில்லை.

முதல்முறை செல்லும் உங்களுக்குச் சான்-எமிலியோனையே பரிந்துரைப்பேன். யுனெஸ்கோ 1999-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்ற இந்தச் சிற்றூரில், பாறையைக் குடைந்து எழுப்பிய தேவாலயம் ஒன்று உள்ளது. வழிகாட்டியின் துணையுடன் மட்டுமே அதனுள் செல்ல முடியும். வீடு கட்டக் கல் வெட்டியெடுத்த பழைய சுரங்கங்கள் இன்று ஒயின் அறைகளாகப் பயன்படுகின்றன. கோடையிலும் குளிர்ச்சி மாறாத அந்த இருட்டில் மரப்பீப்பாய்களுக்கிடையே நின்று கேட்கும் விளக்கம், கண்ணாடிச் சுவர் கூடத்தில் கேட்பதைவிட மனத்தில் பதியும். மே மாதம் நல்ல தேர்வு. ஏப்ரலில் புதிய ஒயினைப் பீப்பாயிலிருந்தே சுவைத்துப் பார்க்க உலக வணிகர்கள் திரள்வார்கள். செப்டம்பரில் அறுவடை தொடங்கிவிடும். அந்தச் சமயங்களில் வருகையாளருக்கு நேரம் ஒதுக்க அங்குள்ளோரால் இயலாது.

கேள்வி: சுவைத்த ஒயினைத் துப்ப வேண்டும் என்கிறார்கள். விருந்தளிப்பவரின் முன்னால் அப்படிச் செய்வது அவமதிப்பாகாதா?

பதில்: ஆகாது. அதற்கென்றே மேசையில் துப்புகலம் வைத்திருப்பார்கள். தோட்ட உரிமையாளரே முதலில் துப்புவார். கணக்கைப் பாருங்கள்: மூன்று தோட்டங்களில் நான்கு வகை வீதம், ஒவ்வொன்றுக்கும் 50 மில்லி என்றால் 600 மில்லி ஆகிறது, முழுப் புட்டியே 750 மில்லிதான். அத்தனையும் விழுங்கியவருக்கு மாலையில் எல்லா ஒயினும் ஒன்றுபோலவே தோன்றும். முதலில் நிறத்தைப் பாருங்கள். கோப்பையைச் சுழற்றி முகர்ந்த பின்னர், சிறிதளவை வாயெங்கும் பரவவிட்டு, ஈறுகளில் வறண்ட பிடிப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். அதுவே டானின், திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. அன்று நறுமணத் தைலம் பூசிக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு மட்டுமன்றிப் பக்கத்தில் நிற்பவருக்கும் அது இடைஞ்சல்.

கேள்வி: நான் முட்டை உண்பதில்லை. போர்தோ ஒயினில் முட்டை சேர்க்கிறார்கள் என்பது உண்மையா?

பதில்: பலர் கேட்கத் தயங்கும் நல்ல கேள்வி. சிவப்பு ஒயினைத் தெளியவைப்பதற்காக முட்டையின் வெள்ளைக்கருவைப் பீப்பாயில் கலப்பது அங்கே பழைய வழக்கம். 225 லிட்டர் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டைகளே போதும். வெள்ளைக்கரு கடுந்துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொண்டு அடியில் படிந்த பிறகு, மேலே தெளிந்ததை மட்டும் வேறு கலத்துக்கு மாற்றிவிடுவார்கள். ஆகவே முட்டை ஒயினில் ஏறக்குறைய எஞ்சுவதில்லை. ஆனாலும் முட்டை பட்டதையே விலக்குபவர் நீங்கள் என்றால் இது போதாது. இன்று பட்டாணிப் புரதம், பென்டோனைட் களிமண் ஆகியவற்றைப் பயன்படுத்துவோரும், எதையும் சேர்க்காமல் காலத்தால் தெளியவிடுவோரும் உள்ளனர். பதிவு செய்யும்போதே வழிகாட்டியிடம் கேட்டால், அதற்கேற்ற தோட்டங்களைத் தேர்ந்து தருவார்.

கேள்வி: வாடகைக் காரை நானே ஓட்டிச் சென்றால் என்ன?

பதில்: வண்டி ஓட்டுபவருக்குப் பிரான்சில் சட்ட வரம்பு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால், புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு 0.2 கிராம். மது அருந்தாதவர் ஒருவர் உடன் இருந்தால் ஓட்டலாம். இல்லையேல் வழிகாட்டியின் வண்டியே மேல். சான்-எமிலியோனுக்குப் போர்தோவிலிருந்து இரயிலும் உண்டு. நிலையத்திலிருந்து ஊருக்குத் தோட்டங்களினூடே சற்றுத் தொலைவு நடக்க வேண்டும் என்பதால், தட்டையான காலணி அணிந்துகொள்ளுங்கள்.