கடலோர வீட்டு கேட்: பெயிண்டை மாற்றும் முன் உப்பைக் கழுவுங்கள்

கேள்வி: சென்னை கொட்டிவாக்கத்தில், கடற்கரையிலிருந்து மூன்று தெரு தள்ளி எங்கள் வீடு. முன் கேட், ஜன்னல் கிரில், பால்கனி கைப்பிடி எல்லாமே எம்.எஸ். என்கிற சாதாரண இரும்பு. வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு ஒரு கோட், எனாமல் இரண்டு கோட் அடிக்கிறோம். ஆடி பிறப்பதற்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, துரு வழிந்து சுவரெல்லாம் கறையாகிவிடுகிறது. பெயிண்டர் ரஸ்ட் கன்வர்ட்டர் போடலாம் என்கிறார். கடைக்காரர், இரண்டு டப்பாவாக வந்து கலந்து அடிக்கும் எபாக்ஸி பெயிண்ட் என்கிறார். என் தம்பி மகன் கழற்றிப் பவுடர் கோட்டிங் கொடுத்துவிடச் சொல்கிறான். மொட்டை மாடியில் துணி காயப்போடும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் அடித்த எனாமல் தோல் தோலாக உரிகிறது. அது ஏன்? பேசாமல் கேட்டை எஸ்.எஸ்.ஸில் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மாற்றிவிடலாமா? — வாசகி, கொட்டிவாக்கம்

பதில்: மூன்று பேர் சொன்னதிலும் தவறில்லை, அம்மா. ஆனால் மூவருமே மேலே எதைப் பூசுவது என்றுதான் பேசுகிறார்கள். உங்கள் கேட்டின் வியாதி பெயிண்டுக்கு அடியில் இருக்கிறது. அதன் பெயர் உப்பு.

துருப்பிடிக்க இரும்பும் தண்ணீரும் ஆக்ஸிஜனும் போதும். கடலோரத்தில் நான்காவதாக, உப்பிலுள்ள குளோரைடு சேர்ந்துகொள்கிறது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும், அதனால் மழையே இல்லாத நாளிலும் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருந்துகொண்டே இருக்கும். இதைவிடப் பெரிய தொல்லை, குளோரைடு தீர்ந்துபோவதில்லை. இரும்பைக் கரைத்துத் துருவாக்கிவிட்டு மறுபடி விடுபட்டு, பக்கத்தில் இருக்கும் இரும்பைப் பிடிக்கும். உங்கள் பெயிண்டர் உப்புத்தாளால் தேய்க்கும்போது பழுப்புத் துரு போய்விடுகிறது. துருப்பிடித்த குழிகளின் அடியில் இருக்கும் உப்பு போவதில்லை. அதன் மேலேயே ரெட் ஆக்ஸைடு ஏறுகிறது. எந்தப் பெயிண்டும் நீராவியை முழுக்கத் தடுக்காது. படலத்தை ஊடுருவி வரும் ஈரத்தை அடியிலிருக்கும் உப்பு உறிஞ்சும், அங்கே உப்புத் தண்ணீர் தேங்கிப் படலத்தை மேலே தள்ளும். நீங்கள் பார்க்கும் கொப்புளம் அதுதான். ஒன்றைக் குத்திப் பாருங்கள், உள்ளே ஈரம் இருக்கும்.

உங்கள் தெருவின் காற்று எவ்வளவு கடுமை என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஐ.எஸ்.ஓ. 9223 தரநிலை காற்றின் அரிக்கும் தன்மையை சி1 முதல் சி5 வரையும், அதற்கு மேல் சி.எக்ஸ். என்றும் பிரிக்கிறது. உப்பு மிகுந்த கடலோரம் சி5 வகை. அங்கே எதுவும் பூசாத சாதாரண இரும்பு முதல் வருடத்திலேயே 80 முதல் 200 மைக்ரான் வரை தேயும். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். கேட்டுக்குப் போடும் சதுரக் குழாயின் சுவரே பல வீடுகளில் 1.2 மில்லிமீட்டர்தான், அதாவது 1,200 மைக்ரான். பூச்சு எவ்வளவு தடிமன் வேண்டும் என்பதும் இதிலிருந்தே புரியும். பிரஷ்ஷால் அடிக்கும் எனாமல் ஒரு கோட்டுக்கு 25, 30 மைக்ரான் நின்றால் அதிகம். மூன்று கோட் சேர்த்தாலும் நூறைத் தாண்டாது. சி5 காற்றுக்கு 200 மைக்ரானுக்கு மேல் தேவை.

ஆகவே முதல் வேலை கழுவுவது. உரிந்து நிற்கும் பெயிண்டையும் தளர்ந்த துருவையும் கிரைண்டரில் வயர் வீல் மாட்டி எடுக்கச் சொல்லுங்கள். பிறகு நல்ல தண்ணீரை அழுத்தமாக அடித்துக் கழுவ வேண்டும், வெல்டிங் மூட்டுகளை நைலான் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் காலையில் சில இடங்களில் மட்டும் புதிதாக ஆரஞ்சு நிறத்தில் துரு பூத்திருக்கும். உப்பு இன்னும் ஒளிந்திருக்கும் இடங்களை அது காட்டிக்கொடுக்கிறது. அங்கே திரும்பத் தேய்த்து, திரும்பக் கழுவுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதுதான் நம் ஊரில் பெரிய கேள்வி. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பல வீடுகளின் போர் தண்ணீரே உப்பு கரிக்கும். அதில் கழுவுவது உப்பைக் கொண்டு உப்பைத் துடைக்கிற கதை. வாட்டர் பியூரிஃபையர் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைச் சேர்த்துவைத்துக் கழுவலாமே என்று சிலர் கேட்பார்கள். உள்ளே போனதைவிட அதில்தான் உப்பு அதிகம், வேண்டவே வேண்டாம். மெட்ரோ வாட்டரோ, பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ போதும். வீட்டில் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் கழுவப் போகும் தண்ணீரையும், கேட்டிலிருந்து வழிந்து வரும் தண்ணீரையும் அளந்து பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகும்வரை உப்பு வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆய்வகத் துல்லியம் இல்லை, ஆனாலும் வழிகாட்டும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகத் தடுங்கள். துருவை எடுக்க பாத்ரூம் ஆசிட் ஊற்றும் பழக்கம். துரு நொடியில் கரையும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கடல் கொண்டுவரும் அதே குளோரைடை நீங்களே காசு கொடுத்து வாங்கி, கடலைவிட அதிகமாக ஊற்றுகிறீர்கள்.

தீபாவளிக் கணக்கையும் மாற்றுங்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. மார்கழி, தையில் இரவுப் பனி. பூசும் இடத்தின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பொது விதி. மாசி, பங்குனி நல்ல மாதங்கள். காலையில் இரும்பைத் தொட்டுப் பார்த்து ஈரம் காய்ந்தபின் ஆரம்பித்து, மதியம் கடற்காற்று எழும்புவதற்குள் அன்றைய கோட்டை முடித்துவிடுங்கள். ஈரப் பெயிண்டின் மேல் உப்புக்காற்று படிந்தால் இரண்டு கோட்டுக்கு நடுவே உப்பு சிக்கிக்கொள்ளும். மறுநாள் அடுத்த கோட்டுக்கு முன் நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிடுவது இதற்காகத்தான். சித்திரை வெயிலில் சுடும் கேட்டின் மேல் அடித்தாலும் தின்னர் சட்டென்று பறந்து, பூச்சு சீராகப் படியாது.

இனி உங்கள் மூன்று ஆலோசகர்களிடம் வருகிறேன்.

ரஸ்ட் கன்வர்ட்டரில் பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். துருவோடு சேர்ந்து அதை இரும்பு பாஸ்பேட்டாகவோ கருநீல இரும்பு டானேட்டாகவோ மாற்றும். மெல்லிய, இறுகப் பிடித்த துருவின் மேல் வேலை செய்யும். அடை அடையாக இருக்கும் துருவின் மேல் அடித்தால் மேல் தோல் மட்டும் கறுக்கும், அடியில் பழைய கதை தொடரும். உப்பை அது ஒன்றும் செய்யாது. பிரஷ் நுழையாத மூலைகளுக்கு, கழுவிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதுவே முழுச் சிகிச்சை என்று நம்ப வேண்டாம்.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது கடைக்காரரின் எபாக்ஸிதான், ஆனால் அவர் சொல்லாமல் விட்ட நிபந்தனைகளோடு. கையால் சுத்தம் செய்த இரும்புக்கென்றே வரும் எபாக்ஸி மாஸ்டிக் என்ற வகையைக் கேளுங்கள். ஒரு கோட்டுக்கே 75, 100 மைக்ரான் நிற்கும். பழைய எனாமல் மிச்சம் இருந்தால் எபாக்ஸியின் தின்னர் அதைச் சுருக்கித் தூக்கிவிடும், அதனால் பழையது முழுக்கப் போக வேண்டும். பேஸும் ஹார்டனரும் டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி கலக்க வேண்டும், கண் மதிப்பு உதவாது. கலந்ததை வெயில் காலத்தில் சீக்கிரம் தீர்க்க வேண்டும். கெட்டியாகிறதே என்று மறுபடி தின்னர் ஊற்றி ஓட்டினால் அந்தக் கோட் வீண். பூசும்போது முதலில் சிறிய பிரஷ்ஷால் ஓரங்களுக்கும் வெல்டிங் மூட்டுகளுக்கும் மட்டும் ஒரு கை கொடுத்துவிட்டுப் பிறகு முழுவதும் அடிக்க வேண்டும். கூர்மையான ஓரத்தில் பெயிண்ட் தானாக மெலிந்துவிடும், உங்கள் கிரில்லில் துரு முதலில் ஓரத்தில் கிளம்புவது அதனால்தான். இரண்டு கோட் எபாக்ஸிக்கு மேல், வெயிலைத் தாங்கும் பாலியூரித்தேன் பெயிண்ட் ஒரு கோட் அவசியம். எபாக்ஸி வெயிலைத் தாங்காது, கையில் ஒட்டும் வெள்ளைப் பொடியாக உதிரும். பாலியூரித்தேனின் ஹார்டனரில் மூச்சுக்கு ஆகாத ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருப்பதால் ஸ்ப்ரே செய்யாமல் பிரஷ்ஷில் அடிக்கச் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அன்று வேறு இடத்தில் இருக்கட்டும். வீடு ரொம்பப் பழையது என்றால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம், நனைத்துத் தேய்க்கட்டும்.

ரெட் ஆக்ஸைடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதன் சிவப்பு நிறமி இரும்பு ஆக்ஸைடு. வெறும் தடுப்பாக நிற்குமே தவிர, துருவை எதிர்த்துச் செயல்படாது. ஜிங்க் பாஸ்பேட் கலந்த பிரைமர் அதைவிட நல்லது. பழைய ஜிங்க் குரோமேட் நன்றாகத்தான் வேலை செய்தது, ஆனால் அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் வகை.

தம்பி மகன் சொல்லும் பவுடர் கோட்டிங் பால்கனி கைப்பிடிக்குப் பொருந்தும், சுவரில் பதித்த கிரில்லுக்கு முடியாது. பட்டறையில் கேட்க வேண்டியது செவன் டேங்க் பிராசஸ் உண்டா என்று: எண்ணெய் நீக்கி, துரு நீக்கி, பாஸ்பேட் ஏற்றி, நடுநடுவே அலசும் முறை. அது இல்லாமல் துடைத்துவிட்டுப் பவுடர் தூவி அடுப்பில் வைப்பவர்களிடம் கொடுத்தால், ஒரு கீறல் விழுந்த இடத்திலிருந்து துரு படலத்துக்கு அடியிலேயே ஊர்ந்து பரவும். வெளியில் நிற்கும் பொருளுக்குப் பாலியஸ்டர் பவுடர் கேளுங்கள். குழாயின் உட்புறத்துக்குப் பவுடர் போகாது என்பதையும் மறக்க வேண்டாம். கேட்டின் அடிக்குழாயில் தண்ணீர் தேங்கினால் உள்ளிருந்து அரிக்கும், கீழே சின்னத் துளை போட்டு வடியவிடுங்கள்.

புதிதாகச் செய்வதாக இருந்தால் என் முதல் தேர்வு ஹாட் டிப் கால்வனைசிங். 450 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பதால் உள்ளும் புறமும் பூச்சு ஏறும். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். சி5 காற்றில் துத்தநாகம் வருடத்துக்கு 4 முதல் 8 மைக்ரான் அளவுதான் தேயும். 50 மைக்ரான் ஏறினால் கணக்கை நீங்களே போடலாம். அதற்கு மேல் பெயிண்டும் அடித்தால் ஆயுள் இன்னும் நீளும். ஸ்ப்ரே டப்பாவில் வரும் 'கோல்டு கால்வனைசிங்' இதுவல்ல. அது துத்தநாகம் நிறைந்த பெயிண்ட், பளிச்சென்ற வெற்று இரும்பின் மேல் மட்டுமே பலன் தரும்.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குப் பாலிசிலோக்சேன் என்ற சிலிக்கான் சார்ந்த பூச்சு போட்டதைப் படித்துவிட்டு அது கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்கும். ஆனால் அந்த ரகப் பூச்சுகளின் பலம் மணலை வேகமாக வீசியடித்து (சாண்ட் பிளாஸ்டிங்) வெளுக்கச் சுத்தம் செய்த எஃகின் மேல்தான் தெரியும். கிரைண்டர் சுத்தத்துக்கு அது வீண் செலவு.

ஜி.ஐ. பைப் விஷயம் எளிது. எனாமலில் உள்ள எண்ணெய் சார்ந்த ஆல்கைடு பிசின் துத்தநாகத்தோடு வினைபுரிந்து, அடியில் சோப்பு போன்ற வழுவழுப்பான அடுக்கை உண்டாக்குகிறது. பிடிப்பு போய் உரிகிறது. எனாமலை முழுக்கச் சுரண்டி, கழுவி, லேசாக உப்புத்தாள் போட்டு, ஜி.ஐ.க்கான எட்ச் பிரைமர் அல்லது எபாக்ஸி பிரைமர் அடித்த பிறகே மேல் பூச்சு. பைப்பில் துரு இல்லை என்றால் பெயிண்டே அடிக்காமல் விடலாம், துத்தநாகம் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

எஸ்.எஸ். கேட் என்றால் கிரேடு முக்கியம். பட்டறைகளில் மலிவாகக் கிடைக்கும் 202 உங்கள் தெருவில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி பூக்கும், 304-லும் டீக்கறை போலப் படரும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 தாங்கும், அதையும் அவ்வப்போது நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும். காந்தம் வைத்துப் பார்த்து 202-ஐயும் 304-ஐயும் பிரிக்க முடியாது. 316 என்று சொல்லிக் காசு வாங்கினால் பில்லில் கிரேடை எழுதச் சொல்லி, டெஸ்ட் சர்டிஃபிகேட்டையும் கேட்டு வாங்குங்கள்.