அந்தமானின் ஹேவ்லாக் தீவை வாடகை ஸ்கூட்டரில் சுற்றலாமா, இல்லை கார் பேசிக்கொள்வதுதான் நல்லதா?

ஓட்டத் தெரியும், லைசென்ஸ் கையில் இருக்கிறது என்றால் ஸ்கூட்டரே எடுங்கள். காசு மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்தத் தீவில் எந்த நேரத்துக்கு எந்தக் கரையில் இருக்கிறோம் என்பதுதான் எல்லாமே. சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் அந்த நேரம் உங்கள் கையில்.

அந்தமான் நமக்குக் கிழக்கே வெகு தூரத்தில் இருக்கிறது, கடிகாரமோ ஒன்றுதான். டிசம்பரில் மாலை 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். சூரியன் மறைவதைப் பார்க்கச் சென்னைக் கணக்கில் ஐந்து மணிக்குக் கிளம்பினால் ராதாநகர் கடற்கரையில் இருட்டைத்தான் பார்ப்பீர்கள்.

வழி தவற வாய்ப்பே இல்லை. கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து வரும் சாலை 3ஆம் எண் கிராமத்துக் கடைத்தெருவில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கிழக்குக் கரையோரமாக விஜயநகர், காலாபத்தர் கடற்கரைகளுக்குப் போகும். மற்றது மேற்கே ராதாநகருக்கு. விடியற்காலையில் காலாபத்தர், சாயங்காலம் ராதாநகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே கடல் உள்வாங்கும்போது பாறையும் பவளத் துண்டும் வெளியே தெரியும், குளிக்க ஆகாது. ஆசை தீரக் குளிக்க ராதாநகர்தான்.

அந்த மேற்குச் சாலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெட்டியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். 1950களில் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய வங்காளிகளின் ஊர்கள்தான் வழியில். பாக்கு, வாழை, இடையிடையே வயல், முற்றத்தில் குளம். அப்புறம் ஏற்றம் வரும், காடு இருபுறமும் நெருங்கும். வெயிலில் வந்த உடம்புக்கு அந்த ஈரக்காற்று சட்டென்று குளிரும். அங்கே வண்டியை ஓரம்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். காரில் போகிறவர்களுக்கு இது கிடைக்காது.

எலிஃபன்ட் பீச்சுக்கு ஸ்கூட்டர் போகாது. இதே சாலையோரம் வண்டியை விட்டுவிட்டுக் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். மழை பெய்திருந்தால் முழுக்கச் சேறு. ஜெட்டியிலிருந்து படகும் உண்டு. எதில் போனாலும் காலையிலேயே போய்விடுங்கள்.

கவனம் வேண்டியது ராதாநகரிலிருந்து திரும்பும்போது. சூரியன் மறைந்ததும் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்பும். வளைவு, இறக்கம், விளக்கில்லாத இடங்கள், நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு. அதனால் வண்டி எடுக்கும்போது பட்டப்பகலாக இருந்தாலும் ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். வண்டியில் இருக்கும் கீறல்களை வாடகைக்குக் கொடுப்பவர் முன்னாலேயே வீடியோ எடுங்கள். ஹெல்மெட் உங்கள் தலைக்குப் பொருந்தவில்லை என்றால் வேறு கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். பின்னால் உட்காருபவருக்கும் ஒன்று வாங்குங்கள்.

முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள். 2010இல் ராதாநகர்ப் பக்கம் கடலில் நீந்திய அமெரிக்கப் பெண் ஒருவர் முதலை தாக்கி இறந்தார். ஆளில்லாத கரையாகத் தேடிப் போக ஸ்கூட்டர் ஆசை காட்டும், அதனால்தான் சொல்கிறேன்.

அப்பா அம்மாவோடு போகிறீர்கள் என்றால் ராதாநகர் சாயங்காலத்துக்கு மட்டும் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள், திரும்பி வரும்வரை காத்திருப்பார்கள். மற்ற நேரத்துக்கு ஸ்கூட்டர் போதும்.