மன்ஹைமில் பிறந்த குழந்தைக்கு எந்தத் துணைத் தூதரகம்?

கேள்வி: கணவன், மனைவி இருவரும் இந்தியக் குடிமக்கள், ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் வசிக்கிறோம். எட்டு மாதங்களுக்கு முன் இங்கேயே மகள் பிறந்தாள். அவளுக்கு இந்தியப் பாஸ்போர்ட் எடுக்க, ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பிராங்பர்ட் துணைத் தூதரகத்தை அணுகலாமா, பெர்லினுக்குத்தான் போக வேண்டுமா?

பதில்: இரண்டும் இல்லை. உங்களுக்குரியது மியூனிக்கில் உள்ள துணைத் தூதரகம். பெர்லினில் தூதரகமும், பிராங்பர்ட், ஹாம்பர்க், மியூனிக் ஆகிய நகரங்களில் துணைத் தூதரகங்களும் வைத்திருக்கும் இந்தியா, ஜெர்மனியின் 16 மாநிலங்களை இந்த நான்குக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அந்தப் பிரிவினை தொலைவைப் பார்த்துச் செய்யப்பட்டதன்று, மாநில எல்லையைப் பார்த்துச் செய்யப்பட்டது. மன்ஹைம் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம், பவேரியாவோடு சேர்ந்து மியூனிக்கின் பொறுப்பில் வருகிறது. ரைன் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் வரும் லுட்விக்ஸ்ஹாபன் ரைன்லாந்து-பலட்டினேட் மாநிலத்தைச் சேர்ந்தது என்பதால், அங்கே குடியிருப்பவர் பிராங்பர்ட்டுக்குப் போகிறார். கைக்குழந்தையோடு மூன்று மணி நேரம் பயணம் செய்ய வேண்டிய உங்களுக்கு இது வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் துணைத் தூதரகத்தின் எல்லை, 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி, அதை ஏற்கும் நாட்டின் ஒப்புதலோடு வகுக்கப்படுவது. கவுன்டரில் இருக்கும் அலுவலர் தம் விருப்பத்துக்கு மாற்றக்கூடியதன்று.

பலர் குழம்புவது இங்கேதான்: பிறப்புச் சான்றிதழை வழங்குவது குழந்தை பிறந்த ஊரின் பதிவு அலுவலகம், துணைத் தூதரகத்தைத் தீர்மானிப்பதோ, அன்மெல்டுங் என்று நாம் சொல்லும் முகவரிப் பதிவில் உள்ள உங்கள் வீட்டு விலாசம். மருத்துவமனை எந்த மாநிலத்தில் இருந்தது என்பது பொருட்டில்லை. அந்தப் பதிவு அலுவலகத்தில் பன்மொழிப் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலமும் அதிலேயே இருப்பதால் தனி மொழிபெயர்ப்புக்கு அலைய வேண்டியிராது.

இடத்தைவிட என்னைக் கவலைகொள்ள வைப்பது காலம். இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ பதிவு செய்ய வேண்டும்; அந்தக் கெடு தவறினால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும். உங்களுக்கு நான்கு மாதங்களே மீதமிருப்பதால், முன்பதிவுக்கு இன்றே முயலுங்கள்.

பதிவின்போது, குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதித் தர வேண்டும். உங்களில் ஒருவர் ஐந்தாண்டுகள் சட்டப்படி ஜெர்மனியில் வசித்து, நிரந்தரக் குடியிருப்பு உரிமையும் பெற்றிருந்தால், 2024 ஜூன் 27 முதல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியச் சட்டத்தின்படி உங்கள் மகள் பிறப்பிலேயே ஜெர்மானியக் குடிமகளாகவும் இருக்கலாம். அப்படியிருந்தால், இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஏற்பதில்லை என்பதால், ஜெர்மானியப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் இருவரும் கலந்து பேசி முடிவெடுங்கள்.