லண்டன் வாடகை வீட்டில் ஜன்னல் வேர்க்கிறது, சுவரில் பூஞ்சை, ராத்திரியில் ஓடில்லாத நத்தைகள் வருகின்றன. என்ன செய்யலாம்?

கேள்வியைப் படித்ததும் என் வலது உள்ளங்கால் கூசியது.

ஈஸ்ட் ஹாமில் நாலு வருடம் இருந்தோம். விக்டோரியா காலத்து வரிசை வீடு. உங்களுடையதும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன்: நடுவில் இடைவெளி இல்லாத 9 இன்ச் செங்கல் சுவர், பலகைத் தரை, பின்னால் ஒட்டுப்போட்ட அடுக்களை. ஒரு நவம்பர் ராத்திரி தண்ணீர் குடிக்கப் போனவன், விளக்கைப் போடாமல் வெறுங்காலோடு ஒன்றை மிதித்துவிட்டேன். ஆறிப்போன வெண்டைக்காய்க் குழம்பில் காலை வைத்த மாதிரி இருந்தது. விளக்கைப் போட்டால், சிறுத்தைப் புள்ளியோடு உள்ளங்கை நீளத்துக்கு ஒரு நத்தை. அந்தக் கோழையின் மேல் எடுத்ததும் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஊறி இன்னும் வழுவழுக்கும். காய்ந்த துணியால் வழித்துவிட்டு அப்புறம் சோப்பு போடுங்கள்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "அட்டைடா அது, உப்பைப் போடு" என்று பின்வாசலில் கோலம் மாதிரி உப்பை இழுத்துவிட்டார். இரண்டு செத்தன. ஆனால் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், வாசற்படி நசநசத்துப் போனது. அம்மாவைக் குறை சொல்லவில்லை, நான் செய்தது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். வெளிச்சுவரின் அடியில், மண்ணுக்குச் சற்று மேலே, ஓட்டை ஓட்டையாக ஒரு செங்கல் இருக்கும். ஏர் பிரிக் என்பார்கள். நத்தை வரும் வழியைப் பிடித்துவிட்டோம் என்ற பெருமையில் அதில் செய்தித்தாளைத் திணித்து டேப் ஒட்டினேன். பலகைத் தரைக்கு அடியில் காற்று ஓடத்தான் அந்தச் செங்கலே என்பது அப்போது தெரியாது. பிப்ரவரியில் சோபாவுக்குப் பின்னால் மண்வாடை அடித்தது. சுவரின் அடியில் தரையை ஒட்டி ஓடும் ஸ்கர்ட்டிங் பலகையில் நகத்தை அழுத்தினால், டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே போனது. நத்தை வரத்தும் நிற்கவில்லை.

உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு வேறு வேறு தண்ணீர். ஜன்னலில் வடிவது நம் மூச்சு, குளியல், குக்கர் ஆவி, ரேடியேட்டரில் போட்ட ஈரத்துணி. ஐஸ் தண்ணீர் வைத்த சொம்பு வேர்ப்பது மாதிரிதான். அறை 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பும் வேர்க்கும். அதனால்தான் பீரோவுக்குப் பின்னால், அறைச் சூடு எட்டாத சுவரில், பூஞ்சை முதலில் வருகிறது. சமைக்கும்போது கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறங்கள். குளிரில் எதற்குத் திறப்பது என்று என் மனைவியும் கேட்டாள். வெளியே 5 டிகிரியில் இருக்கும் காற்று, எவ்வளவு ஈரமாக இருந்தாலும், உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போய்விடும்.

சுவரின் அடியிலிருந்து ஏறும் ஓதம் வேறு. அது அடைபட்ட ஏர் பிரிக், ஒழுகும் குழாய், சுவரை ஒட்டி உயர்ந்துவிட்ட மண் இவற்றால் வருவது. நத்தை அந்த ஈரத்துக்கும் பூஞ்சைக்கும் சிந்திய சோற்றுக்கும் வருகிறது. காலையில் வெள்ளிக் கோடு தெரியுமே, அதைப் பின்பற்றிப் போங்கள். எங்கள் வீட்டில் அது வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் முடிந்தது. 2 இன்ச் குழாய்க்கு 4 இன்ச் ஓட்டை! அதைச் சிமெண்ட் வைத்து அடைத்தோம். ஏர் பிரிக்கில் திணித்ததைப் பிடுங்கிவிட்டு, துருப்பிடிக்காத கம்பிவலை போட்டோம். நத்தை தாண்டாது என்று செம்புப் பட்டை ஒட்டச் சொல்பவர்கள் இங்கேயும் வருவார்கள். ராயல் ஹார்ட்டிகல்சுரல் சொசைட்டி என்ற இங்குள்ள தோட்டக்கலைச் சங்கம், தோட்டத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, 2018-ல் பலனில்லை என்று சொல்லிவிட்டது.

இதையெல்லாம் வீட்டுக்காரர்தானே செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுக்காரர் நம்மூர்க்காரர். அதுதான் தொல்லையே. "தம்பி, தினமும் இட்லி அவிக்கிறீங்க, அதான்" என்றார். அவர் வீட்டில் மட்டும் இட்லி வெயிலில் வேகிறதா? அப்புறம் ஒரு டப்பா பெயிண்டோடு வந்து பூஞ்சை மேலேயே அடித்துவிட்டுப் போனார். பொங்கலுக்கு வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்ட மனிதர் மேல் கவுன்சிலில் எப்படிப் புகார் கொடுப்பது? அவர் மகன் கல்யாணத்துக்கு 51 பவுண்டு மொய் வேறு வைத்தோம். எங்கள் குழந்தையின் பெயர்சூட்டலுக்கு வெறும் வாழ்த்து அட்டைதான் வந்தது. சரி, அதை விடுங்கள். எல்லா வீட்டுக்காரர்களையும் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

நீங்கள் என்னைப் போலத் தயங்காதீர்கள். வாடகை வீடு மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 2018-ல் போட்ட சட்டத்தில் ஓதமும் காற்றோட்டமும் வருகின்றன. தேதியோடு படம் எடுத்து, வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாயால் சொன்னது எதுவும் நிற்காது.

முதலில் இன்று ராத்திரியே வாஷிங் மெஷினை இழுத்துப் பாருங்கள். தனியாக இழுக்க வேண்டாம், என் இடுப்பு இன்னும் சரியாகவில்லை.