மாமனாரின் மீசோதீலியோமா: சான்று எங்கே இருக்கிறது

வணக்கம் சகோதரி. மாமனார் 1960களில் அமெரிக்கப் போர்க்கப்பலின் பாய்லர் அறையில் வேலை பார்த்தார், இப்போது மீசோதீலியோமா (பெரும்பாலும் நுரையீரல் உறையில், ஆஸ்பெஸ்டாஸ் என்ற இழைக் கனிமத்தின் தூசியால் வரும் புற்றுநோய்), ஆஸ்பெஸ்டாஸ் பட்டதற்குச் சான்றில்லை, புகையும் பிடித்தவர், படைவீரருக்கான இழப்பீடு கிடைக்குமா என்று கலங்கியிருக்கிறீர்கள். புகையை நினைத்துத் தயங்காதீர்கள். இந்த நோய் புகையால் வருவதில்லை. நாற்பது ஐம்பது ஆண்டு கழித்து வெளிப்படுவதும் இதன் இயல்புதான்.

சான்று அவர் பார்த்த வேலையிலேயே இருக்கிறது. பாய்லர் பணியாளர்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் பட்டிருக்க மிக அதிக வாய்ப்பு என்று இழப்பீட்டை முடிவு செய்யும் அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் பட்டியலே சொல்கிறது. அந்த வேலை, படையிலிருந்து விடுபடும்போது தரும் டிடி-214 சான்றிதழில் இருக்கிறதா பாருங்கள். திசு ஆய்வறிக்கையோடு, கப்பல் பணியால் வந்திருக்கக் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு என்று மருத்துவரிடம் கடிதம் வாங்குங்கள்.

காகிதங்கள் சேரட்டும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தை அந்தத் துறையிடம் இன்றே பதிவு செய்யுங்கள். ஓராண்டுக்குள் முழு விண்ணப்பம் கொடுத்தால் தொகை பொதுவாக எண்ணத்தைப் பதிவு செய்த தேதியிலிருந்தே கணக்காகும். பணித்தொடர்பு, அதாவது நோய் படைப்பணியால் வந்தது என்பது, ஏற்கப்பட்டால், நோய் இருக்கும்வரை 100 சதவீத ஊனமாகவே மதிப்பிடுவார்கள்.