அம்மாவுக்குப் புற்றுநோய் என்பதை அவரிடமே மறைக்கச் சொன்னால் நர்ஸ் ஒத்துழைக்க வேண்டாமா?

கேட்ட விதத்திலேயே தெரிகிறது, நீங்கள் மகன் அல்லது மகள். யாரோ ஒரு சிஸ்டர் மறுத்திருக்கிறார், அந்தக் கோபம். நான் ஒத்துழைத்த கதையைச் சொல்கிறேன்.

அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ் நான். இட்லிக் கடை வைத்திருந்த ஒரு அம்மாவுக்கு மார்பகப் புற்று. வார்டு வாசலிலேயே மகன் மடக்கி, "நீர்க்கட்டின்னுதான் சொல்லிருக்கோம் சிஸ்டர், தெரிஞ்சா உசுரை விட்ரும்" என்று கும்பிட்டார். கீமோ முதல் சுற்றில் சிவப்பு மருந்து ஏற்றும்போது, "இது என்ன தாயி?" என்றார் அந்த அம்மா. "சத்து மருந்தும்மா." சொல்லும்போது எனக்கு வாய்கூடக் கூசவில்லை.

டாக்ஸோரூபிசின் என்ற அந்தச் சிவப்பு மருந்து ஏறினால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்வது எங்கள் வேலை. சத்து மருந்துக்கு அப்படிப் போகுமா என்று கேட்டுவிட்டால்? சொல்லாமல் விட்டேன். ரத்தம் போகிறது என்று நினைத்த அந்த அம்மா, குடித்தால்தானே போகும் என்று தண்ணீரையே நிறுத்திவிட்டார். கூடவே ஏறிய சைக்ளோபாஸ்பமைடு என்ற இன்னொரு கீமோ மருந்துக்கு நிறையத் தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர்ப்பை புண்ணாகி நிஜமாகவே ரத்தம் போகலாம். நல்லவேளை, போகவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது 21 நாள் கழித்து, இரண்டாவது சுற்றில். ராத்திரி இரண்டு மணி, தலையில் துண்டு. "சத்து மருந்துக்கு முடி கொட்டுமா தாயி?" நான் வாயே திறக்கவில்லை. அவரே சொன்னார்: "எனக்குத் தெரியாதுன்னு எம் மவன் நெனச்சுக்கிட்டு இருக்கான், பாவம். இன்னும் எத்தனை ஊசின்னு மட்டும் சொல்லு. கடைய யார்கிட்ட விடுறதுன்னு பாக்கணும்."

காலையில் டாக்டரிடம் சொன்னேன். அவர் வந்து உட்கார்ந்து பேசினார்.

நர்ஸ் எப்படிப் போட்டு உடைக்கலாம் என்று சண்டைக்கு வராதீர்கள். நோயின் பெயரைச் சொல்வது டாக்டர் வேலை, நான் சொல்லவில்லை. "எனக்கு எதுவும் தெரிய வேணாம், மவன்கிட்ட பேசிக்குங்க" என்று நோயாளியே சொன்னால் அது அவர் இஷ்டம். ஆனால் அவரைக் கேட்க வேண்டுமே! தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள். முதலாவதே தகவல் அறியும் உரிமை. விளக்கேற்றி உறுதிமொழி எடுத்தபோது நோயாளியின் ரகசியம் காப்பேன் என்றுதான் சொன்னேன், நோயாளியிடமிருந்து காப்பேன் என்றல்ல.

சிஸ்டர்களுக்கு மனிதாபிமானமே இல்லை என்று எழுதுகிறவர்களுக்கும் ஒன்று. ராத்திரி வார்டு முழுக்க ஒரே ஆள். 2015-ல் எங்களைச் சேர்த்தது 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள், அதைக் கேட்கவே போராட்டத்தில் உட்கார வேண்டியிருந்தது. சரி, அது வேறு கதை.

மூன்றாவது சுற்றுக்கு அந்த அம்மா பெரிய தண்ணீர் பாட்டில் இரண்டோடு வந்தார். மகன்தான் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.